பொலிகிடாவின் விலை

சென்னையிலிருந்து தெற்கே செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சிங்கப்பெருமாள் கோவில் என்னும் ஊர் உள்ளது. ஊருக்குப் பெயர் தந்த கோயில், பல்லவர் காலத்தில் குன்றைக் குடைந்து அமைத்த குடைவரையாகும். அதன்கண் நரசிங்கப் பெருமாள் முக்கண்ணராய் எழுந்தருளியிருக்கின்றார். அக்குன்றிற்குப் பாடலாத்திரி என்பது பெயர். பாடலம் என்பது செந்நிறத்தையும், அத்திரி என்பது மலையையும் குறிக்கும். ஆகவே செங்குன்றம் என்பது அப்பெயரின் பொருளாம்.

இவ்வூரிலிருந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூருக்கு ஒரு சாலை பிரிகின்றது. அச்சாலையின் இருமருங்கிலும் சுற்றுப்புறங்களிலும் இன்று பெருந்தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. மகிழுந்துகளும் சரக்குந்துகளும் மோட்டார் மிதிவண்டிகளும் உருளைப் பட்டைகளும் அங்கே நாள்தோறும் உருவாகின்றன. ஒரே வகையைச் சேர்ந்த நூறு வண்டிகள் ஒரு தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தால் அந்நூற்றிற்கும் விலை ஒன்றே. ஓர் அச்சில் வார்த்த பொருள்களுக்குள் வேற்றுமை இல்லை. வேற்றுமை இல்லாத இடத்தில் விலை வேறுபாடும் இல்லை.

அதே சாலையோரத்தில், இன்னும் எஞ்சியிருக்கும் புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் செம்மறி ஆடுகள் மேய்வதைக் காணலாம். செங்குன்றின் நிறத்தையே தம் நிறமாகக் கொண்ட அவ்வாடுகளுக்குச் சென்னைச் சிவப்பு என்பது இனப்பெயர். செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களே அவற்றின் தாயகம். உடல் செம்பழுப்பு நிறம். சிலவற்றின் நெற்றியிலும் அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் வெண்மை காணப்படும். மேனியில் கம்பளம் இல்லை, குறுமயிரே உண்டு. கிடாக்களுக்கு முறுக்கேறிய வலிய கொம்புகள் உள்ளன, பெட்டைகளுக்குக் கொம்பில்லை. முதிர்ந்த கிடா சுமார் 35 கிலோ எடையுடையது. கடும் வெயிலில் நெடுந்தொலைவு நடந்து, உலர்ந்த புல்லையும் அறுவடைத் தாளையும் தின்று உடல் தேறும் ஆற்றல் இவ்வினத்தின் செல்வம்.

இவ்வினத்தைச் சேர்ந்த இரண்டு கிடாக்கள் ஒரு பட்டியில் நிற்பதாகக் கொள்க. இரண்டிற்கும் அகவை ஒன்று, எடையும் ஒன்று. இறைச்சி வணிகர் வந்து இரண்டிற்கும் ஒரே விலை கூறுகின்றார். சற்றுப் பொறுத்து வேறொரு மந்தைக்காரர் வருகின்றார். அவர் ஒன்றை வேண்டாவென ஒதுக்கி, மற்றொன்றிற்கு வணிகர் கூறியதினும் பல ஆயிரம் ரூபாய் மிகுதியாகத் தர முன்வருகின்றார். ஒத்த எடையுள்ள இரண்டு உயிர்களுக்கு இவ்வாறு விலை வேறுபடக் காரணம் யாது?

உணவுக்குரிய நெல்லையும் விதைநெல்லையும் எண்ணிப் பார்த்தால் விடை புலனாகும். இரண்டும் நெல்லே, இரண்டையும் குற்றினால் அரிசியே கிடைக்கும். எனினும் விதைநெல்லுக்கு உழவன் மிகுதியாகக் கொடுப்பது, அந்நெல்லிற்காக அன்று. அது தரப்போகும் விளைச்சலுக்காக. அதுபோல, வளர்ப்புக் கால்நடைக்கு இரண்டு விலைகள் உண்டு. ஒன்று உடலின் விலை. மற்றொன்று வித்தின் விலை. உடலின் விலையைத் தராசு கூறும். வித்தின் விலையைத் தராசு கூறாது. பிறவாத குட்டிகளே கூறும். வணிகர் பார்த்தது நிற்கும் கிடாவை; மந்தைக்காரர் பார்த்தது அக்கிடாவின் வழியில் வரப்போகும் ஐம்பது குட்டிகளை.

வித்தினை மதிக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. மாடு என்னும் சொல்லே பண்டைத் தமிழில் செல்வத்தைக் குறித்தது. தொல்காப்பியத்தின் மரபியல், ஆட்டின் ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர்கள் உரியன என்று வகுக்கின்றது. ஆணாட்டிற்கு மட்டும் நான்கு பெயர்கள் வழங்கிய மக்கள் அதனைக் கூர்ந்து நோக்கியே வாழ்ந்திருத்தல் வேண்டும். இன்றும் அனுபவமுள்ள ஆட்டுக்காரர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, பால்பல், இரண்டு பல், நாலு பல் என அகவையைக் கூறுவர். மார்பின் அகலத்தையும், முதுகின் நீளத்தையும், கால்கள் ஊன்றும் முறையையும் நோக்குவர். சந்தைகளில் துண்டினால் கைகளை மூடிக்கொண்டு, விரல்களைத் தொட்டே விலை பேசும் தரகர்களும் இக்குறிகளைக் கருதியே விரல்களைக் கூட்டுவர், குறைப்பர்.

கண்ணின் சான்று நன்றே. ஆயினும், கண்ணுக்குத் தெரிவதெல்லாம் குட்டிக்குச் செல்வதில்லை. ஒரு கிடா கொழுத்திருப்பது தன் குலத்தினாலா, உடையவர் நாள்தோறும் கொடுத்த பிண்ணாக்கினாலா என்பதைக் கண் கூறாது. பிண்ணாக்கினால் வந்த கொழுமையைக் கிடா தன் மக்களுக்குக் கொடுக்க இயலாது. எனவே, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் செல்வது யாது, அஃது எவ்வாறு செல்கின்றது என்னும் வினாவே பொலிகிடாவின் விலைக்கு அடிப்படையாகும்.

இவ்வினாவை வெளிப்படையாக எழுப்பியவர்களும் ஆடு வளர்ப்போரே. ஐரோப்பாவில், இன்றைய செக் நாட்டிலுள்ள புருனோ நகரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பளி ஆடு வளர்ப்போர் சங்கம் ஒன்று இருந்தது. உயர்ந்த கம்பளியுடைய கிடாவைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினால் அதன் தன்மை குட்டிகளுக்கு உறுதியாக வருமா என்று அவர்கள் வாதிட்டனர். அந்நகரத்துத் துறவிமடத்தின் தலைவரான நாப் என்பவர், 1830களில் அவ்விவாதங்களில் கலந்துகொண்டு, மரபாக வருவது எது, எவ்வாறு வருகின்றது என்பதே ஆராய வேண்டிய பொருள் என எடுத்துரைத்தார். பின்னர் அம்மடத்தில் சேர்ந்த இளந்துறவி ஒருவர் பட்டாணிச் செடிகளைக் கொண்டு பல்லாண்டு சோதனை செய்து, 1866ஆம் ஆண்டில் அவ்வினாவிற்கு விடை வெளியிட்டார். அவரே மரபியலின் தந்தை எனப் போற்றப்படும் கிரிகோர் மெண்டல்.

மெண்டல் வழியாக உலகம் அறிந்தது யாதெனில், உயிர்களின் பண்புகளை மரபணுக்கள் என்னும் நுண்கூறுகள் ஆள்கின்றன. அவை இணை இணையாக அமைந்துள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தந்தையிடமிருந்தும் மற்றொன்று தாயிடமிருந்தும் வருகின்றது என்பதாம். ஆகவே ஒரு குட்டியின் மரபில் கிடாவுக்குப் பாதி; பெட்டைக்குப் பாதி. ஆயினும் ஒரு பெட்டை ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும். கிடாவோ இருபத்தைந்து முப்பது பெட்டைகளுக்குப் பொதுவாக நிற்கும். ஆதலின், அம்மந்தையில் அவ்வாண்டு பிறக்கும் குட்டிகள் அனைத்தின் மரபிலும் பாதி அந்த ஒரு கிடாவினுடையதே. பெட்டையினும் பொலிகிடாவிற்கு விலை மிகுவதன் காரணம் இதுவாம்.

பண்புகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. சில பண்புகளை ஒரே ஒரு மரபணு ஆள்கின்றது. வங்காளத்துச் சுந்தரவனப் பகுதியில் கரோல் என்னும் சிற்றுருவச் செம்மறியினம் உண்டு. அது பெரும்பாலும் இரட்டைக்குட்டி ஈனும் இயல்புடையது. 1792, 1793ஆம் ஆண்டுகளில் வங்காளத்து ஆடுகள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் சென்றன. அவற்றின் வழியே இப்பண்பு அந்நாட்டுக் கம்பளி ஆடுகளிலும் புகுந்தது. இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை அறிவியலார் 2001ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். மராட்டிய மாநிலத்துப் பல்டண் நகரிலுள்ள நிம்ப்கர் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார், கரோல் ஆட்டின் அம்மரபணுவைத் தக்காணத்துச் செம்மறியில் சேர்த்து, நாரி சுவர்ணா என்னும் வகையை உருவாக்கினர். இத்தகைய பண்பு ஒரு கிடாவிடம் உண்டா இல்லையா என்பதை ஒரு துளிக் குருதியைச் சோதித்தே கூறலாம். ஆயினும் அதற்கு விலை கொடுக்குமுன், இரட்டைக் குட்டிகளை வளர்க்கத் தாய்க்குப் பாலும், பால் ஊறத் தீனியும் உண்டோ என எண்ணுதல் வேண்டும். தீனியில்லாத மந்தையில் இரட்டைக் குட்டி இரட்டைத் துன்பமாகவே முடியும்.

உடல் எடை, வளர்ச்சி, பாலளவு முதலியன இவ்வாறு எளியன அல்ல. அவற்றைப் பற்பல மரபணுக்கள் கூடி ஆள்கின்றன. மேய்ச்சலும் பருவமும் நோயும் அவற்றோடு கலந்து நிற்கின்றன. இவற்றில் மரபின் பங்கு எவ்வளவு என்று அளந்த பின்னரே விலையைக் கணக்கிட இயலும். அக்கணக்கினை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம்.

ஒரு கிடா தன்னோடு ஒரே பருவத்திற் பிறந்து, ஒரே மேய்ச்சலில் வளர்ந்த பிற கிடாக்களைக் காட்டிலும் 4 கிலோ மிகுதியாக உள்ளது என்க. எடை வேறுபாட்டில் மரபின் பங்கு நான்கில் ஒன்று எனக் கொண்டால், அம்மிகுதியில் 1 கிலோவே மரபினால் வந்ததாகும். ஏனைய 3 கிலோ சூழலின் கொடை. அந்த 1 கிலோவிலும் பாதியே குட்டிக்குச் செல்லும். ஏனெனில் மற்றப் பாதி தாயினுடைய பங்கு. எனவே ஒவ்வொரு குட்டியும் பெறும் மிகுதி சராசரியாக அரைக் கிலோ. அரைக் கிலோதானா என்று இகழ்தல் ஆகாது. ஆண்டுக்கு 25 குட்டிகளாக ஈராண்டில் 50 குட்டிகள் தேறினால், மொத்த மிகுதி 25 கிலோவாகும். உயிர் எடை கிலோவுக்கு 400 ரூபாய் எனக் கொண்டால், அதன் மதிப்பு 10,000 ரூபாய். இறைச்சி விலைக்கு மேல் அம்மந்தைக்காரர் அக்கிடாவுக்குக் கொடுக்கத் தகும் உச்ச விலை இதுவே. இதற்குக் குறைவாக வாங்கினால் அவருக்கு ஊதியம்; இதற்கு மேற்கொடுத்தால் இழப்பு. நான்கு கிலோவும் குட்டிக்கு அப்படியே வரும் என நம்பி விலை கொடுப்பவர், கணக்கின் எட்டில் ஒரு பங்கையே பெறுவார்.

இக்கணக்கு விளங்குமுன்னரே இதன் உண்மையைத் தொழிலில் கண்டவர் இங்கிலாந்து நாட்டு உழவரான ராபர்ட் பேக்வெல் ஆவார். அவர் 1725 முதல் 1795 வரை வாழ்ந்தவர். அவர் தம் சிறந்த கிடாக்களை விற்கவில்லை; பருவந்தோறும் பிறருக்கு வாடகைக்கு விட்டார். தொடக்கத்தில் ஒரு கிடாவுக்குச் சில வெள்ளிகளே வாடகையாகக் கிடைத்தன. 1789ஆம் ஆண்டிலோ, ஓர் ஈற்றிற் பிறந்த மூன்று கிடாக்களுக்கு 1,200 கினிப் பொன் வாடகை வந்தது. வாடகைக்கு விட்டதன் நுட்பம் பணத்தோடு முடியவில்லை. தம் கிடாவின் குட்டிகள் பல மந்தைகளில் எவ்வாறு வளர்கின்றன என்று பார்த்து, நல்ல குட்டிகளைத் தந்த கிடாவைத் திரும்பப் பெற்றுத் தம் மந்தைக்குப் பயன்படுத்தினார். மகவைக் கொண்டு தந்தையை மதிப்பிடும் இம்முறையே இன்றளவும் உறுதியான முறையாக விளங்குகின்றது.

இம்முறைகள் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அருகிலேயே நடைபெற்றுள்ளன. அவ்வூருக்கு வடக்கே, அதே நெடுஞ்சாலையை ஒட்டிக் காட்டுப்பாக்கத்தில் கால்நடை ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. அது 1989ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இந்திய நாட்டுச் செம்மறி மேம்பாட்டுத் திட்டத்தில் சென்னைச் சிவப்பு இனத்திற்குரிய களப்பிரிவு இங்கே அமைந்தது. இத்திட்டத்தில் உழவர்களின் மந்தைகளுக்கே சென்று குட்டிகளின் காதில் எண் பொறித்த வில்லை இடுவர். பிறந்த நாளிலும், பின் 3, 6, 9, 12 மாதங்களிலும் எடை எடுத்துக் குறிப்பர். அக்குறிப்பைக் கொண்டு, ஒத்த சூழலில் மிக்கு வளர்ந்த ஆண்குட்டிகளைத் தேர்ந்து, பொலிகிடாக்களாக மந்தைகளுக்கு வழங்குவர். காதில் தொங்கும் அச்சிறு வில்லைக்கு எடை இல்லை; ஆனால் விலை உண்டு. வில்லையின் எண்ணைப் பற்றிச் சென்றால் கிடாவின் தந்தையும் தாயும் வளர்ச்சியும் ஏட்டில் தெரியவரும். ஏடில்லாத கிடாவை வாங்குவோர் நம்பிக்கையை விலைக்கு வாங்குகின்றனர். ஏடுள்ள கிடாவை வாங்குவோர் சான்றினை வாங்குகின்றனர்.

நற்பண்பு விலையை உயர்த்துவதுபோல, மறைந்திருக்கும் குறை அதனைத் தாழ்த்தும். 1962ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் பிறந்த சீஃப் என்னும் ஹோல்ஸ்டீன் காளையின் வரலாறு இதற்குச் சான்றாகும். பால் மிகுதியான பசுக்களைத் தந்தமையால் அதன் வித்து எங்கும் விரும்பப்பட்டது. அதற்கு 16,000 பெண்மக்கள் பிறந்தன. அக்காளை ஒரு குறையுள்ள மரபணுவையும் சுமந்திருந்தது. அது பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் தீங்கில்லை. இருவரிடமிருந்தும் வந்தால் கரு வயிற்றிலேயே அழியும். பல தலைமுறைகள் கழிந்த பின்னரே இது கண்டறியப்பட்டது. அதற்குள் உலகெங்கும் சுமார் 5 இலட்சம் கருக்கள் அதனால் அழிந்திருக்கக் கூடும் என அறிஞர் கணித்தனர். ஒரு மந்தையில் ஒரே கிடாவைப் பல்லாண்டு நிறுத்தி, அது தன் மக்களோடும் மக்களின் மக்களோடும் இணையுமாறு விட்டாலும் இத்தகைய மறைகுறைகள் வெளிப்படும், குட்டிகள் மெலியும், இறப்பும் மிகும். எவ்வளவு சிறந்த கிடாவாயினும் அதன் பெண்குட்டிகள் பருவமெய்தும் முன் அதனை வேறு மந்தைக்கு மாற்றுதல் வேண்டும். ஆகையால் ஒரு மந்தையில் பழைய கிடா பிறிதொரு மந்தையில் புதிய கிடாவாய் நல்ல விலை பெறுகின்றது.

வித்தின் விலைக்கு எல்லை எங்கே என வினவலாம். மக்களின் தொகையே எல்லையாகும். ஸ்காட்லாந்து நாட்டு லானர்க் சந்தையில், 2020ஆம் ஆண்டில் டெக்செல் இனத்து இளங்கிடா ஒன்று 3,67,500 பவுனுக்கு ஏலம் போயிற்று. பிரேசில் நாட்டில் வியாட்டினா என்னும் பசு உண்டு. 2023ஆம் ஆண்டில் அதன் மூன்றில் ஒரு பங்குரிமை மட்டும் ஏலம் விடப்பட்டு, அதைக்கொண்டு முழுப் பசுவின் மதிப்பு 40 இலட்சம் டாலருக்கு மேல் எனக் கணக்கிடப்பட்டது. இயற்கை முறையில் சில குட்டிகளே பெறத்தக்க உயிர், வித்தினை உறையவைக்கும் முறையாலும் கருமாற்று முறையாலும் பன்னூறு மக்களைப் பெறுவதால் அதன் விலை இவ்வாறு வளர்கின்றது. ஏலக்களத்தின் போட்டியும் புகழார்வமும் அதனோடு சேர்வதும் உண்டு. ஊரில் ஈராண்டில் ஐம்பது குட்டிகளைத் தரும் கிடாவுக்கு அவ்விலை பொருந்தாது.

ஆனால், வியாட்டினாவின் இனப்பெயரைக் கேட்போர் வியப்புறுவர். அவ்வினம் நெல்லோர் எனப்படும். சென்னைக்கு வடக்கே பழைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூரின் பெயரே அது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும், மீண்டும் 1960களின் தொடக்கத்திலும் அப்பகுதியின் ஓங்கோல் மாடுகள் பிரேசிலுக்குச் சென்றன. வெயிலையும் உண்ணியையும் தாங்கும் அவற்றின் மரபை அந்நாட்டார் ஏடெழுதி, அளந்து, தேர்ந்து பெருக்கினர். இன்று அந்நாட்டு இறைச்சி மாடுகளுள் பெரும்பகுதி அவ்வழியினவே. இந்தியாவிலும் பசுக்களுக்குக் கௌ சிப் எனவும், எருமைகளுக்கு மகிஷ் சிப் எனவும் மரபணுக்களைப் படித்தறியும் சில்லுகள் 2024ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டுள்ளன. வித்து எங்குப் பிறந்ததென்பதினும், அதன் மதிப்பை எங்கு அறிந்தனர் என்பதே செல்வத்திற்குக் காரணமாகின்றது.

ஒரகடம் சாலையின் செம்மறிகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகப் பெருக மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. நூறு ஆடு மேய்ந்த இடத்தில் இருபது மேய்வது அரிதாயிற்று. தொகையைப் பெருக்க இடமில்லாதபோது ஒவ்வோர் ஆட்டின் தரத்தைப் பெருக்குவதே பிழைக்கும் வழி. ஆனால் நடைமுறை அதற்கு மாறாக நிகழ்வதுண்டு. பள்ளிக் கட்டணத்திற்கும் மருத்துவச் செலவிற்கும் பணம் வேண்டும்போது, மந்தைக்காரர் முதலில் விற்பது விரைந்து வளர்ந்த கொழுத்த குட்டியையே. வணிகரும் அதனையே விரும்பிக் கேட்பார். விலைபோகாத மெலிந்த குட்டி பட்டியில் தங்கிக் கிடாவாகி, அடுத்த தலைமுறைக்குத் தந்தையாகின்றது. விதைநெல்லை உண்டு பதரை விதைத்ததற்கு ஒப்பாகும் இது. ஆண்டுதோறும் இவ்வாறு நிகழ்ந்தால், எவரும் தீங்கு கருதாமலே ஓர் இனம் தேய்ந்துபோகும்.

இதனைத் தடுப்பது அறிவுரை மட்டும் அன்று, நேரிய விலையே. நல்ல குட்டியை வைத்திருந்து பொலிகிடாவாக விற்றால் இறைச்சி விலையினும் மிகுதி கிடைக்கும் என்னும் உறுதி இருந்தால், மந்தைக்காரர் அதனை இறைச்சிக்குக் கொடார். அவ்விலையை வாங்குவோர் மனமுவந்து கொடுக்க வேண்டுமாயின் எடைக்குறிப்பும் காதுவில்லையும் ஏடும் வேண்டும். ஆதலின் வித்துக்குக் கொடுக்கும் மிகுதிப் பணம் வீண்செலவு அன்று; ஓர் இனம் தன் மண்ணில் நிலைத்திருப்பதற்குச் செலுத்தும் காப்புப் பணமாகும்.

தொழிற்சாலையில் ஓர் அச்சு உடைந்தால் மற்றோர் அச்சு வார்த்துக்கொள்ளலாம். பல நூற்றாண்டுகளாக வெயிலும் வறட்சியும் மேய்ப்பரும் சேர்ந்து வார்த்த உயிரின் அச்சு உடைந்தால், அதனை மீண்டும் வார்ப்பார் இல்லை. செங்குன்றின் அடியில் மேயும் அச்செம்மறிக் கிடாவின் விலையைக் கூறுவோர் இதனையும் கணக்கிற் சேர்த்துக் கூறுதல் வேண்டும்.